ஜப்பான் கான்செப்ட் கஃபேக்கள்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

மழைக்குருவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நவம்பரில் அம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு டோக்கியோ போகிறேன். கோயில், தோட்டம், ஃபூஜி மலை எல்லாம் முடிவாகிவிட்டன. தங்கை ஜப்பானியக் காமிக்ஸில் ஊறிப்போனவள். கதையும் வேடமுமாக நடத்தும் கான்செப்ட் கஃபேக்களில், மாளிகைப் பணியாளர் வேடத்தில் ஆண்கள் பரிமாறும் பட்லர் கஃபே, பணிப்பெண் வேடத்தில் பெண்கள் பரிமாறும் மெய்ட் கஃபே இரண்டில் ஒன்றுக்காவது போயே தீரவேண்டும் என்கிறாள். நான் பார்த்த வீடியோக்களில் ஒரே கூச்சலும் இளஞ்சிவப்பு விளக்குகளும்தான் தெரிகின்றன. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது, அம்மா கூச்சப்படாமல் உட்கார முடியுமா என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா சுத்த சைவம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

செங்காந்தள் எழுதியது:

மழைக்குருவி, தாராளமாக அழைத்து வாருங்கள். நான் டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்படி ஓர் இடத்துக்காவது கூட்டிப்போவேன்; அவ்வளவு பிடிக்கும்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது இகேபுகுரோவில் உள்ள ஸ்வாலோடெயில் என்ற பட்லர் கஃபேயை. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறந்தது. பெண் வாசகர்களுக்கான காமிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஒதோமே ரோடு பக்கத்தில், நிலவறைத் தளத்தில் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும். ஆண்களும் போகலாம்.

கதவு திறந்ததும் வால்கோட்டு அணிந்த பட்லர் குனிந்து வணங்கி, வீடு திரும்பியவரை வரவேற்கும் சொற்களைச் சொல்லி உள்ளே அழைப்பார். அங்கே நீங்கள் அந்த மாளிகையின் பெண். வெளியே போயிருந்தீர்கள், இப்போது திரும்பியிருக்கிறீர்கள். கடைசி வரை ஒருவரும் அந்தக் கதையைவிட்டு இறங்க மாட்டார்கள். பையை ஃபுட்மேன் என்ற உதவிப் பணியாளர் வாங்கிக்கொள்வார். நாற்காலியை இழுத்து அமர்த்தி, துண்டை மடியில் விரித்துவிடுவார். மேசையில் ஒரு சிறு மணி இருக்கும். எது வேண்டுமானாலும் அதை அடிக்கவேண்டும்; கையைத் தூக்கிக் கூப்பிடக்கூடாது, தேநீரை நீங்களே ஊற்றிக்கொள்ளக்கூடாது. கழிவறைக்குப் போவதென்றால்கூட ஒருவர் வந்து வழிகாட்டி அழைத்துப்போவார். உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது, கைபேசியும் கூடாது. 80 நிமிடம் ஆனதும், வெளியே கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று அவர்களே சொல்லி, பத்திரமாகப் போய்வரும்படி வழியனுப்புவார்கள்.

என் பெரியம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. பிறருக்குப் பரிமாறியே பழகியவர். மணியைக் கையில் எடுத்தார், மணியின் நாக்கு அசையாமல் விரலால் பிடித்துக்கொண்டார், சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டார். ஒருவரை மணியடித்துக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. கோப்பை பாதி காலியானதும் ஃபுட்மேன் தாமாகவே வந்து, கெண்டியின் மூடியை ஒரு விரலால் தாங்கியபடி ஊற்றினார். எங்கள் இருவருக்கும் வெவ்வேறு கோப்பைகள் வைத்திருந்தார்கள். பெரியம்மாவுடையதில் ஊதாப் பூக்கள். அவர் கட்டியிருந்த புடவையின் கரையும் ஊதாதான். அதைச் சுட்டிக்காட்டி ஃபுட்மேன் ஏதோ சொன்னார். நான் தமிழில் சொன்னதும் பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முறை தேநீர் வேண்டியிருந்தபோது மணியை அவரே அடித்தார், நன்றாகக் கேட்கும்படி.

படம் எடுக்க முடியாவிட்டால் அங்கே போய் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தடைதான் முக்கியம். இந்தக் கஃபேக்களில் விதிகள்தாம் கதை. மணி, கைபேசித் தடை, கடிகாரம் மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது விலை கூடிய தேநீர்க் கடை ஒன்றுதான். கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசைக்காரரைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அவரும் பதில் சொல்லியாகவேண்டும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். வருகிறவர் தம் பங்கை ஏற்றால்தான் ஆட்டம் நடக்கும்.

---

பனையோலை எழுதியது:

செங்காந்தள் அவர்களின் பெரியம்மா கதை மனத்தைத் தொட்டது. ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதை எழுதாமல் போக முடியவில்லை. பட்லர் கஃபேயை விடுங்கள். மெய்ட் கஃபேயில் இருபது வயதுகூட நிரம்பாத பெண்கள், வருகிற ஆண்களை எசமானே என்று அழைத்து, குழந்தைக் குரலில் பேசி, முட்டிபோட்டு ஆர்டர் எடுக்கிறார்கள். காசு கொடுத்தால் ஒரு பெண்ணின் பணிவு கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தை ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. நடிப்புதான் என்று சொல்வீர்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு நடிப்பவருக்கு அது வேலை. அந்த வேலையின் களைப்பை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

---

பழங்கணக்கு எழுதியது:

பனையோலை ஐயா, நீங்கள் கேட்பது ஜப்பானியர்களே நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

டோக்கியோவின் உவேனோ பகுதியில் 1888இல் ஒரு காப்பிக் கடை திறந்தது. ஜப்பானின் முதல் காப்பிக் கடையாக அதைத்தான் வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். 1911இல் கின்ஸா வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கஃபேக்கள் வந்தன. அவற்றில் சிலவற்றில் கிமோனோவின் மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் பரிமாறினார்கள். இன்று டோக்கியோவின் அகிஹபாரா பகுதி மெய்ட் கஃபேக்களின் ஏப்ரனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1920களின் இறுதியில் பல கஃபேக்கள் மதுவும் பெண்களின் துணையும் விற்கும் இடங்களாகிவிட்டன. போலீஸ் கட்டுப்பாடுகள் வந்தன. மதுவும் உபசரிப்பும் இல்லாமல் காப்பி மட்டும் தருகிறவர்கள் தங்களைத் தூய காப்பிக் கடை என்று தனியே அழைத்துக்கொண்டார்கள். பரிமாறுவது எங்கே முடிகிறது, உபசரிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோடு அப்போதே போடப்பட்டுவிட்டது.

செங்காந்தள் சொன்ன விதிகளுக்கும் பழைய வேர் உண்டு. ஷிபுயாவில் லயன் என்ற இசைக் காப்பிக் கடை 1926இல் தொடங்கியது. போரில் குண்டுவீச்சில் எரிந்து, 1950இல் மீண்டும் எழுந்தது. இன்றும் இருக்கிறது. பெரும்பாலான நாற்காலிகள் எதிரே நிற்கும் பிரம்மாண்டமான ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கின்றன, பேருந்து இருக்கைகள் மாதிரி. பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு பீத்தோவனைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கவேண்டும். வேடமோ வசனமோ இல்லாவிட்டாலும், கதவைத் தாண்டியதும் உலகம் மாறிவிடுகிறது. கான்செப்ட் கஃபே என்ற பெயர் புதிது, சங்கதி பழையது.

மெய்ட் கஃபே முதலில் தற்காலிகமாகத்தான் வந்தது. 1998இல் ஒரு கண்காட்சியில், ஒரு கணினி விளையாட்டில் வரும் உணவகத்தின் சீருடையோடு கடை போட்டார்கள். மக்கள் திரண்டார்கள். 2001 மார்ச்சில் அகிஹபாராவில் க்யூர் மெய்ட் கஃபே நிரந்தரமாகத் திறந்தது. அங்கே குழந்தைக் குரலும் துள்ளலும் கிடையாது. கணுக்கால் வரை நீளும் பாவாடை, மெல்லிய பேச்சு, விக்டோரியா காலத்து வீட்டின் அமைதி. ஆடலும் பாடலும் சேர்ந்த வகை அதன்பின் வளர்ந்தது. 2005இல் அந்த ஆண்டின் பேசப்பட்ட சொற்களில் ஒன்றாக, கதாபாத்திரங்கள்மேல் பொங்கும் பாசத்தைக் குறிக்கும் ‘மோஏ’ தேர்வாகும் அளவுக்கு ஊரெல்லாம் பரவியது. இணையத்தில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை.

---

செங்காந்தள் எழுதியது:

பனையோலை ஐயா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி அகிஹபாராவில் இரண்டு ஆண்டுகள் மெய்டாக வேலை செய்தாள். அவளிடம் நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கால் வலியும் தொண்டைக் கட்டும்தான் பெரிய தொல்லை என்றாள். முன்பு வேலை பார்த்த சாதாரணக் கடையில் வாடிக்கையாளர் கத்தினால் குனிந்து கேட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருந்ததாம். இங்கே விதியை மீறினால் வாடிக்கையாளரைத்தான் வெளியே அனுப்புவார்களாம். தொடக்கூடாது, உண்மைப் பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்கக்கூடாது, வேலை முடிந்து போகும் வழியில் காத்திருக்கக்கூடாது. பல கடைகளில் இதை மேசை மேல் அட்டையாகவே வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் இருக்கும். எசமான் என்று அழைக்கப்படுபவருக்குத்தான் அங்கே கட்டுப்பாடுகள் அதிகம்.

ஆனால் எல்லா இடமும் இப்படி இருப்பதில்லை. இதை மழைக்குருவி கட்டாயம் படிக்கவேண்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் அமர்ந்து துணைபேசி உபசரிக்கும் தொழிலுக்கு ஜப்பானில் தனி உரிமம் தேவை. உரிமம் இல்லாமல், கான்செப்ட் கஃபே என்று பலகை மாட்டிக்கொண்டு, வருகிறவர் தலையில் மதுவைக் கட்டும் கடைகள் இருக்கின்றன. டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் இளம்பெண்கள் இத்தகைய இடங்களில் பணத்தை இழந்த செய்திகளும் வந்தன. 2025இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, உரிமமில்லாமல் நடத்துவதற்கான தண்டனையைப் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். ஆகவே தெருவில் துண்டுச்சீட்டோடு நின்று கூட்டிப்போகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். என் தோழி ஒருத்தி அப்படிப் போய், எழுதி ஒட்டாத கட்டணங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தாள். வாசலிலேயே நுழைவுக் கட்டணம், நேர அளவு, குறைந்தபட்ச ஆர்டர் மூன்றையும் எழுதி வைத்திருக்கும் கடைக்குள் மட்டும் காலை வையுங்கள்.

---

ஆழிமழை எழுதியது:

என் மகளின் ஆசைக்காக அகிஹபாராவில் ஒரு மெய்ட் கஃபேக்குக் குடும்பமாகப் போனோம். மகளுக்கு வயது ஒன்பது. பனையோலை ஐயாவின் தயக்கம் எனக்கும் இருந்ததால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்து மேசையில் கல்லூரிப் பெண்கள் நால்வர். அந்தப் பக்கம் கோட்டு சூட்டில் தனியாக ஒருவர், பிறந்தநாள் தொப்பியோடு. மூலையில் பேரனோடு ஒரு பாட்டி.

ஒமுரைஸ் வந்தது. தக்காளி கெட்சப்பில் வதக்கிய சோற்றை மெல்லிய முட்டை அடையால் போர்த்தித் தருவார்கள். மெய்ட் என் மகளின் உயரத்துக்குக் குனிந்து, முட்டையின் மேல் கெட்சப்பால் என்ன வரையட்டும் என்று கேட்டாள். மகள் யானை என்றாள். அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். கூர்மூக்குக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையால் இழுத்து, தும்பிக்கையில் தொடங்கி வாலில் முடித்தாள். கோடு ஓர் இடத்திலும் அறுபடவில்லை. பிறகு யானையின் காதுக்குள் மகளின் பெயரை எழுதினாள். அதன்பின் இரண்டு கைகளாலும் நெஞ்சருகே இதய வடிவம் காட்டி மந்திரம் சொல்லவேண்டும்: மோஏ மோஏ க்யுன். சாப்பாட்டுக்கு ருசி ஏறுவதற்காம். மகள் கூரை இடிந்து விழும்படி கத்தினாள். என் மனைவியும் சொன்னாள். நானும் சொன்னேன், முழுமனத்தோடு.

மெய்டைத் தனியாகப் படம் எடுக்கக்கூடாது, சாப்பாட்டை எடுக்கலாம். வேண்டுமானால் கட்டணம் செலுத்தி உடனடிப் புகைப்படம் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். செக்கி என்பார்கள். வெள்ளை ஓரத்தில் வண்ணப் பேனாக்களால் அவர்களே பூவும் எழுத்தும் வரைந்து தருவார்கள். அதற்குக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வரைகிறார்கள்.

ஐயா, அந்த வேலையில் திறமை இருக்கிறது. பணிவு அதன் வெளித்தோற்றம். ஓர் அறையில் இருபது பேர் கூச்சத்தை உதறிவிட்டு ஒரே நேரத்தில் சிரிக்கவேண்டும் என்றால், அதை நடத்திக்காட்ட ஒருவர் தேவை.

---

பனையோலை எழுதியது:

ஆழிமழை, அந்தக் கோட்டை அவர் இழுத்த விதத்தை நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அது தொழில்திறமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழங்கணக்கு தந்த வரலாறும் உதவியது. என்றாலும் என் கேள்வி முழுதாகத் தீரவில்லை. வேலை செய்கிறவர் எத்தனை வயதிலும் கன்னம் ஒட்டாத சிறுமியாகவே தெரியவேண்டும் என்று கேட்கும் தொழிலில், முப்பது வயதாகும் பெண்ணுக்கு இடம் எங்கே? பட்லருக்கு நரை விழுந்தால் மதிப்புக் கூடுகிறது. இந்த வேறுபாட்டை யாரும் பேசவில்லை.

---

செங்காந்தள் எழுதியது:

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஐயா. அந்த மாணவியும் படிப்பு முடிந்ததும் விட்டுவிட்டாள். கடைசி நாளில் பட்டமளிப்பு விழா மாதிரியே நடத்தி, வழக்கமாக வருகிறவர்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வேலையை விடுவதற்குப் பட்டமளிப்பு என்று பெயர் வைத்திருப்பதிலேயே, இது நீண்டநாள் இருக்கும் இடமல்ல என்ற செய்தி இருக்கிறது. நீங்கள் சொல்வது சரிதான்.

---

வெண்கொற்றை எழுதியது:

இந்த இழையில் டான் கஃபேயை ஒருவரும் குறிப்பிடவில்லையே! நிஹோன்பாஷியில் 2021 ஜூனில் திறந்த அவதார் ரோபோ கஃபே அது. மேசைமேல் கையளவு வெள்ளை ரோபோ ஒன்று உட்கார்ந்திருக்கும், பெயர் ஒரிஹிமே. அது தானாக இயங்குவதில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளி ஒருவர், அல்லது வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஒருவர், எங்கோ தொலைவிலிருந்து அதன் வழியாக உங்களோடு பேசுவார். பைலட் என்று அவர்களை அழைக்கிறார்கள். உடல் முழுதும் செயலிழந்தவர்கள் கண் அசைவாலேயே இயக்குகிறார்கள். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள இன்னொரு வகை ரோபோ தட்டை ஏந்தி வந்து கொடுக்கும். யோஷிஃபுஜி கென்தாரோ என்பவர் நிறுவிய ஓரி ஆய்வகம் நடத்துகிறது. சிறுவயது விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, அவரோடு பணியாற்றிய பன்தா யூதா என்ற இளைஞரோடு பேசிப் பேசி உருவான யோசனை இது. கடை திறப்பதைப் பார்க்காமலே பன்தா 2017இல் காலமானார்.

எங்கள் மேசைக்கு வந்தவர் ஜப்பானின் வேறொரு மூலையில் தம் அறையில் படுத்திருந்த ஒரு பெண். என் தம்பி இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும், மழைக்காலம் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். அவர் பேசும்போது அந்தச் சிறிய ரோபோ கையை மெல்ல உயர்த்தியது. சற்று நேரத்தில் நாங்கள் ரோபோவைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அந்தப் பெண்ணோடுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

மற்ற கஃபேக்களில் மனிதர் வேடத்துக்குள் மறைகிறார். இங்கே இயந்திரத்துக்குள்ளிருந்து மனிதர் வெளியே வருகிறார். பனையோலை ஐயா ஒருமுறையாவது இங்கே போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

---

நெய்தல்நிலத்தான் எழுதியது:

ஆந்தைக் கஃபே என்று ஒரு வகை இருக்கிறது, தங்கை கேட்டாலும் போகாதீர்கள். இரவுப் பறவைகளைக் காலில் கயிறு கட்டி, பகல் முழுதும் விளக்கொளியில் உட்கார வைத்து, வருகிறவர்களெல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். கதைக்குள் இருக்க மெய்டும் பட்லரும் சம்மதித்தவர்கள். ஆந்தையிடம் யாரும் கேட்கவில்லை. பிராணிகள் வேண்டுமானால் பூனைக் கஃபே போங்கள்; அதிலும் பூனைகள் ஒதுங்கிப் படுக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆய்வேடு எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால், கோயென்ஜியில் கையெழுத்துப்படி எழுதும் கஃபே ஒன்று இருக்கிறது, 2022இல் வந்தது. கெடு வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. நுழையும்போது இன்று எவ்வளவு எழுதப்போகிறீர்கள் என்று எழுதிக்கொடுக்கவேண்டும். மணிக்கு ஒருமுறை வந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்பார்கள். எவ்வளவு கண்டிப்பாகக் கேட்கவேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சொன்ன அளவு முடியும் வரை கிளம்பக்கூடாது என்பது விதி. நான் கடுமையான வகையைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் வந்து ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த ஓர் இயலை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். விதிதான் கதை என்று செங்காந்தள் அக்கா சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. வேடமே இல்லை, விதி மட்டும்தான்.

---

மழைக்குருவி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கும் தங்கைக்கும் முழுவதையும் வாசித்துக்காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: மணியடித்தால் வருகிற பையன் சாப்பிட்டிருப்பானா என்று. தங்கை க்யூர் மெய்ட் கஃபேக்கு மாறிவிட்டாள். நீளப் பாவாடை அமைதிதான் வேண்டுமாம். எங்கள் திட்டம்: ஒருநாள் ஸ்வாலோடெயில், இன்னொரு நாள் டான். க்யூர் மெய்ட் கஃபேக்கு நேரம் கிடைத்தால். செலவும் சைவமும் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. செங்காந்தள் அக்கா, கொஞ்சம் சொல்லுங்களேன்.

---

செங்காந்தள் எழுதியது:

செலவு: மெய்ட் கஃபேக்களில் பெரும்பாலும் தலைக்குச் சில நூறு யென்னிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் யென் வரை நுழைவுக் கட்டணம். அதற்குமேல் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று ஆர்டர் செய்யவேண்டும். சாப்பாடு, பானம், செக்கி மூன்றும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால் கணக்கு எளிது. பட்லர் கஃபேயில் மாலைத் தேநீர்த் தட்டு அதைவிடக் கூடுதலாகும். நல்ல ஓட்டலில் தேநீர் அருந்தும் செலவுக்குத் தயாராகப் போங்கள். விலைப்பட்டியலில் 10 விழுக்காடு வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் கிடையாது, நீட்டினால் சங்கடப்படுவார்கள்.

சைவம்தான் உண்மையில் கடினமான பகுதி. ஒமுரைஸில் முட்டைக்கு அடியில் இருக்கும் சோற்றில் பெரும்பாலும் கோழி கலந்திருக்கும். கறிச்சோறு காய்கறியாகத் தெரிந்தாலும் மசாலாக் கட்டியில் இறைச்சிக் கொழுப்பு இருக்கலாம். சூப்பிலும் சாறிலும் மீன் வடித்த நீர். பார்ஃபே, புட்டிங் வகைகளில் ஜெலட்டின். அம்மா முட்டையும் சாப்பிடமாட்டார் என்றால் கேக்கும் போயிற்று. தேநீர், பழம் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு; ஐஸ்கிரீமிலும் ரொட்டியிலும் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வாலோடெயில் முன்பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் வந்துவிடும். மற்ற இடங்களில் ‘நிகு தோ சகானா வா தபேமாசென்’ என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். முட்டையும் ஆகாதென்றால் சகானாவுக்குப் பின் ‘தோ தமாகோ’ என்று சேர்த்துக்கொள்ளட்டும்.

முடிந்தால் காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நிஷிகசாயில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன; தோசை கிடைக்கும். தோஸாய் ரயிலில் நிஹோன்பாஷி நேராக வந்துவிடும் என்பதால், அதே நாளில் டான் கஃபேயை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வாலோடெயிலுக்கு வார நாளில் முயலுங்கள். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அன்று எனக்கு விடுமுறை கிடைத்தால் இகேபுகுரோ நிலையத்தின் கிழக்கு வாயிலில் நிற்கிறேன்.